மெகாபிக்சல் போதும், லென்ஸைப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மிரர்லெஸ் மீடியம் பார்மட் கேமராக்கள் (உள்ளே மிரர் இல்லாத, படம் பதியும் சென்சார் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும் கேமராக்கள்) பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் விரிவாக எழுத ஒருவர் முன்வந்ததே எனக்குச் சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கட்டுரையில் முக்கால்வாசி இடம் 50 மெகாபிக்சலா 100 மெகாபிக்சலா, அவ்வளவு யாருக்குத் தேவை என்ற கேள்வியிலேயே போய்விட்டது. லென்ஸ்களுக்கு ஒரே ஒரு பத்தி, அதிலும் கனம் அதிகம், விலை அதிகம் என்பதைத் தாண்டி ஒன்றுமில்லை. இந்தக் கேமராவை வருடக்கணக்கில் வைத்துப் புழங்குகிற யாரிடம் வேண்டுமானாலும் பேசிப் பாருங்கள், பேச்சு நேராக லென்ஸுக்குத்தான் போகும். பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, மாற்றிக்கொண்டே இருப்பார்கள், லென்ஸை விடமாட்டார்கள்.

நான் ஓவியங்களையும் பழைய காகித ஆவணங்களையும் படியெடுக்கும் வேலை செய்கிறேன், இடையிடையே போர்ட்ரெய்ட் எடுப்பதும் உண்டு. முதலில் புஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் வைத்திருந்தேன், அப்புறம் 100எஸ்ஸுக்கு மாறினேன். ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசை வைத்திருக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள், கேமராவை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறோம். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

ஒரு திருத்தம் அவசியம். இந்தக் கேமராக்களின் சென்சார் பழைய 120 ஃபிலிமின் (மீடியம் பார்மட் கேமராக்களில் போட்ட அகலச் சுருள்) அளவு என்று கட்டுரை சொல்கிறது. அப்படி இல்லை. ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ் இரண்டிலும் இருப்பது ஏறத்தாழ 44க்கு 33 மி.மீ. சென்சார். 120 ஃபிலிமில் வழக்கமாக எடுத்த சட்டங்களில் மிகச் சிறியதான 645கூட 56க்கு 41.5 மி.மீ. வரும். 6க்கு 7 சட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஃபுல் ஃப்ரேம் எனப்படும் 36க்கு 24ஐவிடப் பரப்பில் இது 1.67 மடங்கு பெரியது, அவ்வளவுதான், ஒளிக்கணக்கில் பார்த்தால் முக்கால் ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த அளவு தெரியாமல் வாங்குகிறவர்கள் பழைய ஃபிலிம் காலத்துப் படங்களின் தோற்றம் தானாக வந்துவிடும் என்று நம்பி ஏமாந்து போகிறார்கள், அப்படி விற்றுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

மெகாபிக்சல் விஷயத்திலும் இதே மாதிரிதான். 2019இல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100இல் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான். அதே வருடம் வந்த 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 4இலும் அதே 3.76 மைக்ரான்தான். ஆக, ஒரு பிக்சலை மட்டும் பிரித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. அதே நுணுக்கமுள்ள சென்சார், பரப்புதான் கூடுதல். அந்தக் கூடுதல் பரப்பின் மூலை வரைக்கும் கூர்மையை இழுத்துக்கொண்டு போவது லென்ஸின் வேலை. மூலையில் லென்ஸ் தளர்ந்துவிட்டால் 100 மெகாபிக்சலில் பாதி வெறும் ஃபைல் கனம். கட்டுரை இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

வ்யூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பிவிடும் மிரரை எடுத்ததால் என்ன கிடைத்தது என்பதையும் கட்டுரை எடை குறைந்தது என்ற ஒரு வரியோடு முடித்துவிட்டது. எடை குறைந்தது உண்மை. 2014இல் வந்த பென்டாக்ஸ் 645இசட் ஒன்றரைக் கிலோ, கிட்டத்தட்ட அதே சென்சாரோடு 2017இல் விற்பனைக்கு வந்த ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் ஒரு கிலோவுக்கும் கீழே. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் உள்ளே நடந்தது. 645இசட்டில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 70 மி.மீ.க்கும் மேல் தூரம், அங்கேதான் மிரர் ஏறி இறங்கும். ஜிஎஃப்எக்ஸில் அந்தத் தூரம் 26.7 மி.மீ. பின் கண்ணாடியை சென்சாருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கலாம் என்பதால் லென்ஸ் வடிவமைக்கிறவர்களுக்குக் கை அவிழ்ந்தது, முக்கியமாக வைட் லென்ஸ்களில். அதோடு மிரர் அடிக்கும் அதிர்வும் போயிற்று, சென்சார் மேலேயே நேரடியாக ஃபோகஸ் பார்ப்பதால் முன்னே விழுந்தது பின்னே விழுந்தது என்ற பழைய தலைவலியும் போயிற்று.

சரி, லென்ஸ்களுக்கு வருகிறேன். புஜிஃபில்மின் ஜிஎஃப் 110 மி.மீ. எஃப்/2 (எஃப் எண் சிறிதாக ஆக லென்ஸின் துளை, அதாவது அப்பெர்ச்சர், பெரிதாகும்) லென்ஸைப் பற்றி இதை வைத்திருப்பவர்கள் பேசுகிற விதமே தனி. ஃபுல் ஃப்ரேம் கணக்கில் இது 87 மி.மீ. எஃப்/1.6 போல வேலை செய்யும். கட்டுரையாளர் பின்னணி மங்கலுக்காகவே மீடியம் பார்மட் வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறார், அது சரியில்லை, ஏனென்றால் இன்றைக்கு ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ. எஃப்/1.2 லென்ஸ்கள் இருக்கின்றன, மங்கலின் அளவு மட்டும்தான் வேண்டுமென்றால் அவை இதை முந்திவிடும். 110ஐ வைத்திருப்பவர்கள் விடாததற்குக் காரணம் வேறு. முழுதாகத் திறந்த எஃப்/2விலேயே கண் இமை முடி தனித்தனியாக நிற்கும், அங்கிருந்து காது, காதிலிருந்து பின்சுவர் என்று கூர்மை விலகிப் போவது திடீரென்று அறுந்து விழாமல் இறங்கும், வெளிச்சமான விளிம்புகளில் ஊதா நிறம் ஏறாது. எடை ஒரு கிலோ. அரை நாள் கழுத்தில் தொங்கவிட்டால் வலிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை.

என் கேமராவில் அதிகம் மாட்டியிருப்பது 120 மி.மீ. எஃப்/4 மேக்ரோ. இதற்கு ரசிகர்கள் குறைவு, இணையத்தில் அழகழகான படங்களாக இதைப் பார்க்க முடியாது. ஆனால் தட்டையான ஒரு பரப்பை, ஒரு ஓவியத்தையோ நிலப்படத்தையோ, நாலு மூலையும் ஒரே மாதிரி எடுக்க வேண்டுமென்றால் எனக்கு இதற்கு மாற்று கிடையாது. தனியாக அரை அளவு வரைக்கும்தான் நெருங்கும், பொருளின் உண்மை அளவு வேண்டுமென்றால் 45 மி.மீ. நீட்டிப்புக் குழாயை நடுவில் மாட்டினால் ஏறத்தாழ அதைத் தொட்டுவிடலாம். கையில் பிடித்து எடுக்க வசதியாக லென்ஸிலேயே அதிர்வு தடுப்பும் இருக்கிறது. முதல் 50 மெகாபிக்சல் பாடிகளில் சென்சாரை நகர்த்தும் அதிர்வு தடுப்பு இல்லாததால் அப்போது அது பெரிய வரம்.

63 மி.மீ. எஃப்/2.8 சின்னது, லேசானது, ஃபோகஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடித் தொகுதி நகர்வதால் உர்ரென்று சத்தம் வரும், அமைதியான கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னர் வந்த 80 மி.மீ. எஃப்/1.7இலும் நிதானமான ஃபோகஸ்தான், ஓடியாடும் குழந்தையை அதில் துரத்துவது சிரமம். ஆனால் உட்கார வைத்து எடுக்கிற படத்துக்கு அதன் சுபாவமே வேறு, பல பேர் 110ஐ விற்றுவிட்டு இதற்கு வந்திருக்கிறார்கள். 32-64 ஜூமைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், ஜூம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். 45 மி.மீ.யும் 50 மி.மீ. எஃப்/3.5உம் நடந்து திரிந்து எடுப்பவர்களுக்கு. பின்னது 335 கிராம்தான், அதை மாட்டினால் கேமராவே வேறு ஆள் மாதிரி ஆகிவிடும்.

இங்கே ஹாசல்பிளாட் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கட்டுரை இரண்டு நிறுவனங்களையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. 2016 ஜூனில் எக்ஸ்1டி அறிவிக்கப்பட்டபோது மிரர்லெஸ் டிஜிட்டல் மீடியம் பார்மட் என்று வேறு எதுவும் இல்லை, ஜிஎஃப்எக்ஸ் அறிவிப்பு அந்த வருடம் செப்டம்பரில்தான் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு ஷட்டர். ஜிஎஃப்எக்ஸில் ஷட்டர் பாடிக்குள், சென்சாருக்கு முன்னால். ஹாசல்பிளாடில் ஒவ்வொரு எக்ஸ்சிடி லென்ஸுக்குள்ளும் (எக்ஸ் வரிசையின் சொந்த லென்ஸ்கள் இவை) இதழ் இதழாகத் திறந்து மூடும் ஒரு லீஃப் ஷட்டர். இதன் விளைவு என்னவென்றால், ஜிஎஃப்எக்ஸில் ஃப்ளாஷோடு சாதாரணமாக நொடியில் 125இல் ஒரு பங்கு வரைக்கும்தான் போகலாம், பெரும்பாலான எக்ஸ்சிடி லென்ஸ்களில் 2000இல் ஒரு பங்கு வரைக்கும் போகலாம். நல்ல வெயிலில், எஃப்/2.8இல், முகத்துக்கு ஃப்ளாஷ் கொடுத்து வானத்தை இருட்டாக்கி எடுக்கிறவருக்கு இந்த ஒரு எண்தான் கேமராவைத் தீர்மானிக்கும், மெகாபிக்சல் அல்ல. ஜிஎஃப்எக்ஸ்காரர்கள் அதே வேலைக்கு லென்ஸ் முன்னால் ஒளியைக் குறைக்கும் இருண்ட என்டி ஃபில்டர் மாட்டிக்கொள்கிறார்கள், அல்லது ஃப்ளாஷில் ஹைஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரோடும் ஃப்ளாஷ் அடிக்க வைக்கும் முறை) வைத்து அதன் சக்தியில் பெரும்பகுதியை இழக்கிறார்கள். இன்னொரு வழியும் உண்டு, ஹாசல்பிளாட் ஹெச் வரிசை லென்ஸ்களை ஜிஎஃப்எக்ஸில் மாட்ட புஜிஃபில்மே ஒரு அடாப்டர் கொடுக்கிறது, அந்த லென்ஸ்களின் லீஃப் ஷட்டரையே பயன்படுத்தி 800இல் ஒரு பங்கு வரைக்கும் போகலாம்.

ஆனால் பழைய லென்ஸ்களை மாட்டிப் பார்க்கிற ஆசை இருக்கிறவருக்குக் கணக்கு தலைகீழ். லென்ஸில் ஷட்டர் இல்லையென்றால் ஹாசல்பிளாட் எக்ஸில் எலெக்ட்ரானிக் ஷட்டர் மட்டுமே துணை, 50 மெகாபிக்சல் சென்சார் ஒரு படத்தை மேலிருந்து கீழே வாசித்து முடிக்க ஏறத்தாழ கால் நொடி எடுக்கும், அதற்குள் ஆள் தலையைத் திருப்பினால் முகம் கோணிவிடும், சில குழல் விளக்குகளில் பட்டை பட்டையாக விழும். ஜிஎஃப்எக்ஸில் அந்தக் கவலை கிடையாது. பென்டாக்ஸ் 67இன் 105 மி.மீ. எஃப்/2.4, மாமியா 645இன் 80 மி.மீ. எஃப்/1.9, கான்டாக்ஸ் 645இன் 80 மி.மீ. எஃப்/2 எல்லாம் இப்படி மறுபிறவி எடுத்தவை. சாய்க்கவும் நகர்த்தவும் முடிகிற கெனான் இஎஃப் டில்ட் ஷிஃப்ட் லென்ஸ்களும் இந்த சென்சாரை மூடுகிற அளவு பெரிய வட்டமாகப் படத்தை விழ வைப்பவை என்பதால் கட்டடம் எடுப்பவர்கள் பல வருடம் அவற்றை வைத்தே ஓட்டினார்கள், புஜிஃபில்மின் சொந்த டில்ட் ஷிஃப்ட் லென்ஸ்கள் 2023இல்தான் வந்தன.

பழைய லென்ஸ் வழியில் போகிறவர்கள் லென்ஸைப் பார்க்கிற அளவுக்கு அடாப்டரையும் பார்க்க வேண்டும். எனக்கு வந்த ஓர் அடாப்டரில் இரண்டு முகமும் இணையாக இல்லை, ஒரு பக்கம் நூலிழை தடிப்பு. அதனால் படத்தின் இடது ஓரம் எந்த அப்பெர்ச்சரிலும் கூர்மையாகவே வரவில்லை. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அதே லென்ஸை நண்பரின் அடாப்டரில் மாட்டினோம், ஓரம் சரியாக வந்தது. ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம். வாங்கிய அன்றே செய்துவிடுங்கள்.

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்று, மோயர். முதல் தலைமுறை 50 மெகாபிக்சல் பாடிகளில் அதைத் தடுக்க நுண்விவரத்தைச் சற்று மங்கலாக்கும் லோபாஸ் ஃபில்டர் கிடையாது, ஜிஎஃப்எக்ஸில் மைக்ரோ லென்ஸ்களின் வடிவமைப்பும் கூர்மையைத் தூக்கிக் காட்டுவதாக இருந்தது. நெருக்கமாக நெய்த துணி, மெல்லிய வலை, கேன்வாஸ் நூல் எல்லாவற்றிலும் வண்ண அலைகள் வந்து உட்காரும். ஆடை எடுப்பவர்களுக்கு இது நிஜமான பிரச்சினை. கேமராவைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துவது, எஃப்/11, எஃப்/16 வரைக்கும் மூடிக் கூர்மையை வேண்டுமென்றே தணிப்பது என்று ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 100 மெகாபிக்சலுக்குப் போன பிறகு எனக்கு இது பெருமளவு குறைந்தது. பிக்சல் எண்ணிக்கையால் எனக்குக் கிடைத்த மிக உருப்படியான பலன் இதுதான், கட்டுரையில் இது இல்லை.

அப்பெர்ச்சரை மூடுவதைப் பற்றிச் சொன்னதால் அதையும் சேர்த்துவிடுகிறேன். ஃபுல் ஃப்ரேமிலிருந்து வருகிறவர்கள் அதே கோணத்துக்கு நீளமான லென்ஸ் பயன்படுத்துவதால் கூர்மை விழும் ஆழம் குறைந்துபோகும். எஃப்/8இல் கிடைத்தது எஃப்/10க்குப் போனால்தான் கிடைக்கும். சரி, மூடுவோம் என்று பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் போனால் டிஃப்ராக்ஷன் (சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைவது) அந்தக் கூர்மையை மெல்ல மெல்லத் தின்னும், 100 மெகாபிக்சல் பாடியில் பதினொன்றிலிருந்தே உற்றுப் பார்த்தால் தெரியும். அதனால்தான் நிலக்காட்சி எடுப்பவர்கள் எட்டில் நின்றுகொண்டு ஃபோகஸை அடுக்கடுக்காக நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் சேர்க்கிறார்கள். கையில் பிடித்து எடுக்கும்போதும் இதே கண்டிப்பு. ஃபோகஸ் பூட்டிவிட்டுச் சட்டத்தை நகர்த்தும் பழக்கம் 110இல் எஃப்/2வில் வேலைக்கு ஆகாது, ஃபோகஸ் புள்ளியைக் கண் மேலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிக் கட்டுரை கடுமையாக எழுதியிருக்கிறது, அதில் பாதி நியாயம். 50 மெகாபிக்சல் பாடிகளில் கான்ட்ராஸ்ட் முறை ஃபோகஸ் (கூர்மை கூடுகிறதா என்று லென்ஸை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது) மட்டும்தான், மங்கின வெளிச்சத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடும். ஜிஎஃப்எக்ஸ் 100 வந்தபோது சென்சார் முழுக்க, எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று நேரே அளந்து சொல்லும் ஃபேஸ் டிடெக்‌ஷன் புள்ளிகள் வந்தன, 2022இல் ஹாசல்பிளாட் எக்ஸ்2டியிலும் வந்தன, நடந்து வருகிற மனிதரைத் தயக்கமில்லாமல் எடுக்கலாம். விளையாட்டுக்கும் பறவைக்கும் இப்போதும் இது முதல் தேர்வு இல்லை. ஆனால் பழைய பாடிகளை அவை வெளிவந்த முதல் வாரத்து மதிப்புரைகளை வைத்து எடைபோடுவது அநியாயம். எக்ஸ்1டி தொடக்கத்தில் ஆன் ஆகவே பல நொடி எடுக்கும் என்று எல்லோரும் குறைப்பட்டார்கள், பின்னால் வந்த ஃபர்ம்வேர்கள் (கேமராவின் உள்மென்பொருள்) அந்தக் கேமராவை நிறைய சரிசெய்தன. ஜிஎஃப்எக்ஸ் 100க்கு 2020 இறுதியில் வந்த ஃபர்ம்வேர், சென்சாரை நகர்த்தி 16 படம் எடுத்து 400 மெகாபிக்சல் படமாகச் சேர்க்கும் வசதியையே கொடுத்தது. கேமராவும் பொருளும் அசையக் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால் பலருக்கு அது தேவைப்படாது, ஓவியம் படியெடுக்கிற எனக்கோ ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறமும் முழுதாகக் கிடைப்பது பெரிய விஷயம்.

ஃபைல் கனம் பற்றி கட்டுரை சொன்னது சரி. 100 மெகாபிக்சல் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) சுருக்கிய நிலையிலேயே நூறு எம்பியை ஒட்டி நிற்கும், 16 பிட்டில் சுருக்காமல் வைத்தால் இருநூறைத் தொடும். 14 பிட்டுக்கும் 16 பிட்டுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை, அதனால் 14 பிட் சுருக்கத்திலேயே எடுக்கிறேன். அந்த ஃபைலுக்குள் நிழலிலிருந்து எவ்வளவு மீட்கலாம் என்பதுதான் இந்த சென்சாரின் உண்மையான பலம். வானத்தின் வெளிச்சம் வெளுத்துப் போகாத அளவுக்கு வைத்துவிட்டு, தரையை இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கினாலும் நிறம் அழுக்காகாமல் வரும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உங்கள் கட்டுரையின் கடைசிப் பரிந்துரை. புதிதாக வர நினைப்பவர்கள் 100 மெகாபிக்சல் பாடி ஒன்றையும், மிச்சத்துக்குத் தகுந்த ஏதாவது ஒரு லென்ஸையும் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை மாற்றுங்கள். பயன்படுத்திய 50 மெகாபிக்சல் பாடி ஒன்றும், தன் வேலைக்குச் சரியாகப் பொருந்துகிற புத்தம் புதிய லென்ஸ் ஒன்றும் என்பதுதான் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சொல்லும் வழி. 50எஸ்ஸின் கழற்றி மாட்டும் வ்யூஃபைண்டரும், அதைச் சாய்த்துப் பார்க்க வைக்கும் துணைக்கருவியும் இருக்கிற வசதியை, பின்னால் வந்த 100எஸ்ஸில் நான் இன்றைக்கும் தேடுகிறேன். இடுப்புயரத்தில் வைத்துக் குனிந்து பார்த்துப் போர்ட்ரெய்ட் எடுத்தவர்களுக்கு அது புரியும்.

அடுத்த முறை இந்த விஷயத்தை எடுத்துக்கொள்ளும்போது, மூன்று நான்கு வருடம் வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். எந்த லென்ஸ் எப்போதும் மாட்டியிருக்கிறது, எதை விற்றீர்கள், ஏன் விற்றீர்கள், எந்த அப்பெர்ச்சரில் பெரும்பாலும் எடுக்கிறீர்கள், ஃப்ளாஷ் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டாலே வாசகருக்குத் தேவையானது வந்துவிடும். 110, 120 மேக்ரோ, 80 மூன்றிலும் ஒரே வெளிச்சத்தில் ஒரே பொருளை எல்லா அப்பெர்ச்சரிலும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கட்டுரையாளர் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் ரா ஃபைலாகவே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்